முற்றத்தில் உட்கார்ந்திருந்த அணி

முனிரத்தினத்தின் வீட்டு முற்றத்தில் தேசிய இளையோர் ஃபுட்சால் அணி வந்து உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அன்றைக்கே அந்தப் பையன்கள் விமானம் ஏறி நியூசிலாந்துக்குப் போக வேண்டும், பெட்டிகளை ஏற்றிய பஸ் சாலையோரம் உறுமிக்கொண்டு நின்றது, மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் டிரைவரைப் பார்ப்பதுமாக இருந்தாள், ஆனாலும் பன்னிரண்டு பையன்களும் நாட்டுச் சின்னம் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் பின் ஒருவராக இறங்கி, செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, ஈரப் புல்லில் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஃபிஜித் தீவின் மேற்குப் பக்கத்தில், சர்க்கரை ஆலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற வைலேகா என்ற அந்தச் சின்ன ஊரில், அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபுட்சால் என்பது கூரை போட்ட கூடத்துக்குள், பக்கத்துக்கு ஐந்து பேராக, அதிகம் துள்ளாத பந்தை வைத்து ஆடுகிற கால்பந்து. நாட்டுக்கே நல்ல ஃபுட்சால் கூடம் என்று இருந்தது வைலேகா கூடம் ஒன்றுதான். அந்தக் கூடம் நின்ற இடம் ஒரு காலத்தில் முனிரத்தினம் குத்தகைக்குக் கரும்பு போட்ட நிலம். குத்தகை முடிந்தது, நிலம் அதற்குரிய ஃபிஜிப் பூர்வகுடிக் குலத்தாரிடம் திரும்பிப் போனது, அதில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அடுத்தவன் மண் அடுத்தவனிடம்தான் போகும். ஆனால் அந்த நிலத்தின் ஒரு மூலையில் இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு செத்த அவர் மகள் பவளம் புதைந்திருந்தாள். அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டார். குலத்துத் தலைவர் சரி என்றார், நகரத்திலிருந்து வந்த அதிகாரி பார்க்கலாம் என்றார், கட்டட கான்ட்ராக்டர் ஒன்றும் சொல்லாமல் சிகரெட் பற்றவைத்தார். பிறகு முனிரத்தினம் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் மூவருமாகச் சேர்ந்து சிமென்ட் ஊற்றிவிட்டார்கள்.

கோபம் என்பது மற்றவர்களுக்கு வருவதுபோல வந்து போகிற சமாசாரம் இல்லை முனிரத்தினத்துக்கு. அது அவர் கட்டி வளர்த்த மாடு. வேளைக்குத் தீனி போட்டு, கொசுவுக்குப் புகை போட்டு, அது இளைக்காமல் பார்த்துக்கொண்டார். சிமென்ட் விற்ற கடையில் அதற்குப் பிறகு ஓர் ஆணிகூட வாங்கவில்லை. கலவை லாரி ஓட்டியவனின் மருமகன் பஸ் ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் சந்தைக்கு நடந்தே போனார். கூடத்தில் எப்போது ஆட்டம் நடந்தாலும் வாசலில் போய் நின்று, "என் பிள்ளை மேல ஓடாதீங்கடா!" என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத் திரும்புவார். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டேதான் இந்தப் பையன்கள் வளர்ந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டேதான் பந்தை உருட்டக் கற்றார்கள்.

அந்த மண்ணின் மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்க வருகிறவன் தம்புவாவை, அதாவது கயிறு கோத்த திமிங்கிலப் பல்லை, இரண்டு கையிலும் ஏந்தி, தப்புக்கு ஆளானவன் முற்றத்தில் உட்கார வேண்டும். அதற்குச் சோரோ என்று பேர். ஏற்றுக்கொண்டேன் என்ற சொல் வரும்வரை தலை நிமிரக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. கடல் தாண்டிப் போகிறவன் பாக்கி வைத்த தப்போடு போகக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம்தான்.

கோல்கீப்பர் சைமோனே தம்புவாவை ஏந்தியிருந்தான். அவன் அந்த நிலத்துக் குலத்துப் பையன், மூலையை விடச் சரி சொல்லிவிட்டுச் சிமென்ட் ஊற்றிய தலைவரின் பேரன்.

"மோமோ," என்றான். அவர்கள் பேச்சில் தாய்மாமனுக்கு மோமோ. "எங்க கால் உங்க பிள்ளை மேல ஓடுச்சு. தெரிஞ்சும் ஓடுச்சு. இதை வாங்கிக்குங்க."

முனிரத்தினம் படியில் நின்றபடியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சிமென்ட் ஊத்தினப்ப நீங்க பொறக்கவே இல்லடா. ஊத்தின மூணு பேரு வரட்டும். அவங்க உட்காரட்டும். உங்க தாத்தன் எங்கே?"

"செத்துட்டார் மோமோ."

"அதிகாரி?"

"சிட்னியில இருக்காராம்."

"கான்ட்ராக்டர்?"

"அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. பெத்த மகளையே யாருன்னு கேக்கறார்."

"அப்ப மூணு பேரும் தப்பிச்சாங்க, உங்களை அனுப்பிட்டாங்க." அவர் கண் வரிசையைத் துழாவிக்கொண்டு போய் ஒரு கறுத்த, ஒல்லியான பையன்மேல் நின்றது. "ஏ கிருஷ்னீல், நாயக்கர் பேரனே! நீ எதுக்குடா அங்க உட்கார்ந்திருக்க? நீ நம்ம பக்கம். எழுந்து வா இந்தப் பக்கம்."

கிருஷ்னீல் தலையைத் தூக்காமலே பேசினான். "நானும் அந்தத் தரையிலதான் ஓடறேன் தாத்தா."

"உன் பாட்டன் என்கூட நின்னு கரும்பு வெட்டினவன்டா."

"அவரு வெட்டினாரு. நான் ஓடறேன். டீமுக்குள்ள ஏது தாத்தா பக்கம்?"

பஸ் ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது, மேலாளர் அம்மா கேட்டருகில் வந்து கும்பிடுவதுபோலக் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பையன்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே எழுந்தார்கள். சொல் வராமல் எழுந்திருக்கக் கூடாது என்று தெரிந்தும் எழுந்தார்கள், விமானம் யாருக்காகக் காத்திருக்கும். சைமோனே கடைசியாக எழுந்து, ஏந்திய கையை இறக்காமலே பின்னுக்கு நடந்துபோய்ப் பஸ்ஸில் ஏறினான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

முனிரத்தினம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி அங்கம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள்.

"மழை வரும்போல இருக்கு. பசங்க நனையப் போறாங்க."

"அதான் போயிட்டானுங்களே."

"எங்க போனாங்க? உட்கார்ந்துதான் இருக்காங்க, பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள், அதே வெள்ளைச் சட்டை, அதே குனிந்த தலை, சைமோனேயின் கையில் அதே பல். அடுத்த வீட்டு வெங்கடராம ரெட்டி வேலிமேல் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"பஸ்ஸுல ஏறினதையும் நான் பார்த்தேன்," என்றார் ரெட்டி. "உட்கார்ந்திருக்கறதையும் பார்க்கறேன். ரெண்டும் நடந்துதான் இருக்கு அண்ணே. சரி, தார்ப்பாய் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வரேன்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, பையன்களின் தாய்மார் வந்துவிட்டார்கள், ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தி ஈரத் துண்டு கொண்டுவந்தாள். பையன்கள் பேசவில்லை, சாப்பிடவில்லை, தொட்டால் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, மூச்சு வந்துபோனது. சைமோனேயின் அம்மா போனைப் போட்டாள், நியூசிலாந்து ஓட்டல் அறையிலிருந்து சைமோனே எடுத்தான்.

"முட்டி வலிக்குதும்மா, விமானத்துல உட்கார்ந்து வந்ததால இருக்கும்," என்றான்.

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்தவனின் முட்டியில் எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். "இப்ப?" என்று கேட்டாள்.

"இப்ப தேவலாம்," என்றான் அவன்.

அதற்கப்புறம் எது நிஜப் பையன், எது வெறும் தோற்றம் என்று ஊரில் யாரும் பேச்செடுக்கவில்லை. எடுத்த ஒரே ஆளான பள்ளிக்கூட வாத்தியாரையும் கிருஷ்னீலின் அம்மா ஒரு வார்த்தையில் வாயடைத்துவிட்டாள்: "ரெண்டும் நான் பெத்தது சார், நீங்க உங்க வேலையைப் பாருங்க." பாதிரியார் வந்து ஜெபித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பன்னிரண்டு நெற்றியிலும் திருநீறு இட்டார், போன பின்பு பாதிரியாருக்கு ஏதும் மனவருத்தம் இருக்குமோ என்று போன் போட்டுக் கேட்டார், அவர் இல்லை என்றார். போலீஸ்காரர் ஒருவர் அனுமதி இல்லாத கூட்டமா என்று விசாரிக்க வந்து, சற்று நேரம் நின்று, தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, தானும் ஒரு நொடி தலை குனிந்துவிட்டுப் போனார். முனிரத்தினம் மட்டும் தன் சொந்த முற்றத்தில் அந்நியன்போல ஓரமாக நடந்து கொல்லைக்குப் போய்வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மாட்டுக்குத் தீனி கிடைத்திருக்கும்.

முதல் ஆட்டத்தை ரெட்டி வீட்டு டிவியை முற்றத்துக்குத் தூக்கிவந்து பார்த்தார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. அங்கே பையன்கள் ஓடினார்கள், ஆனால் காலுக்கடியில் கனம் இல்லை, உதைத்த பந்து பாதி தூரம் போய் மனம் மாறியதுபோல நின்றது, எதிரணிக்காரன் தோளால் லேசாக இடித்தால் காகிதம்போல விலகிப் போனார்கள். சைமோனே பாய்ந்தான், பந்து அவன் கையை ஒதுக்கிக்கொண்டு வலைக்குள் போனது. பதினொரு கோல். இரண்டாவது ஆட்டம் அதைவிட மோசம். அங்கே ஒருத்தன் சைமோனேயின் முழங்காலில் உதைத்தபோது இங்கே உட்கார்ந்திருந்தவன் முழங்கால் நீலமாகக் கன்றியது, அங்கம்மா மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டாள், அன்றைக்கு ஓட்டல் அறை முழுக்க மஞ்சள் வாசனை என்று பையன்கள் போனில் சொன்னார்கள்.

அதைவிட ஊரைக் கலக்கியது வேறொன்று. பையன்கள் இளைத்துக்கொண்டு வந்தார்கள். போனில் தெரிந்த முகங்களும் வெளுத்தன, முற்றத்து முகங்களும் வெளுத்தன. காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம் கடைசியில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் இருந்த இடத்திலிருந்து இரண்டு முழம் நகர்ந்துவிட்டான், அவன் அம்மா அழுதுகொண்டே ஓடிப்போய் ஆட்டுக்கல்லின் குழவியை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள். அதைப் பார்த்து மற்ற தாய்மாரும் ஆற்றங்கரைக் கற்களைப் பொறுக்கிவந்து பிள்ளைகளின் மடியில் வைத்தார்கள்.

மறுநாள் அப்பிசாய் வந்தார். அவர் தச்சர், குலத்தின் சார்பில் சபையில் பேசுகிறவர், முனிரத்தினத்தோடு ஒரே வயது, இளவட்டத்தில் இருவரும் ஒரே தொட்டியில் யங்கோனா என்ற போதை வேர்ச்சாறு குடித்தவர்கள். சிமென்ட் ஊற்றிய நாளிலிருந்து பேச்சில்லை. படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"தவாலே," என்றார், மைத்துனன் என்பதுபோல. "ரெண்டாப் பிரிஞ்ச வெல்லம் ரெண்டு பக்கமும் கரையும். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம், அடுத்த நாள் இவங்க திரும்பி வராங்க. வந்து பார்க்கறப்ப தன் இடத்துல தானே உட்கார்ந்திருந்தா ஒருத்தன் எந்த வீட்டுக்குப் போவான்? பாதியாப் போன பிள்ளையை எந்தத் தாய் சேர்த்துத் தைப்பா?"

"நானா அவனுங்களை உட்காரச் சொன்னேன்?"

"நீ எழுந்திருன்னு சொல்லல."

"மூணு பேரு வரணும்."

"வர மாட்டாங்க. உனக்கும் தெரியும். அவங்க வர மாட்டாங்கன்னுதான் அவங்களையே கேக்கற."

முனிரத்தினம் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தார். பவளத்துக்கு அடையாளம் என்று உலகத்தில் என்ன மிச்சம்? ஒரு கல் இல்லை, ஒரு செடி இல்லை, ஒரு போட்டோ கிடையாது. அவர் போட்ட கூச்சல் ஒன்றுதான் அவளுக்குச் சமாதி. ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் நாளை அந்தக் கூடத்து வாசலில் போய் நின்று என்ன கத்துவது? அவர் வாயை மூடினால் அங்கே ஒரு குழந்தை இருந்ததே இல்லாமல் போய்விடாதா? மன்னிப்பதற்கு அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. அதற்குப் பின் கையில் என்ன இருக்கும் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரெட்டியின் போனில் ஆட்டம் ஆரம்பித்த சத்தம் முற்றத்திலிருந்து வந்தது. பெண்கள் டிவியை வைக்கவிடவில்லை, பார்க்க முடியாது, காதால் கேட்டால் போதும் என்றுவிட்டார்கள். அப்பிசாயும் வந்து மூங்கிலருகே நின்றிருந்தார். மூன்று கோல் விழுந்திருந்தபோது முனிரத்தினம் கதவைத் திறந்தார். சைமோனே ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது, ஆனால் அந்தக் கையின் வழியாகப் பின்னால் இருந்த புல்லின் பச்சை மங்கலாகத் தெரிந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் காய்ச்சல் கையில் நரம்பு தெரிந்ததை அவர் ஒரு தரம் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. படியிறங்கிப் போய், குனிந்து, தம்புவாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டேன்," என்றார். சத்தம் வரவில்லை என்று மறுபடியும் சொன்னார். "ஏத்துக்கிட்டேன்டா. எழுந்திருங்க."

முற்றம் மூச்சு விட்டது. தாய்மார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒருவனும் எழுந்திருக்கவில்லை. சைமோனேயின் வெறுங்கை நீட்டியபடியே இருந்தது. போனில் நான்காவது கோல் விழுந்தது.

"நான்தான் வாங்கிட்டேனே!" என்று முனிரத்தினம் கத்தினார். "இன்னும் என்னடா வேணும்? அப்பிசாய், சொன்னேன் இல்ல, நீ கேட்ட இல்ல?"

அப்பிசாய் சைமோனேயின் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தப்பு எங்களுதுதான், தவாலே. எங்க வழக்கத்துல பல்லை ஆம்பளை முன்னாடிதான் வைப்போம். அப்படியே வெச்சுட்டோம். பிள்ளையைப் பெத்தது நீ இல்லையே."

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் அரைத்தவள், பன்னிரண்டு முகத்தையும் நாளுக்கு இரு தரம் துடைத்தவள் அந்த இடத்தில் இல்லை. சமையல்கட்டில் இருந்தாள். அவர் பல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இந்தா. நீயும் வாங்கிக்கிட்டேன்னு சொல்லு."

"உங்களுக்குக் கொடுத்ததுங்க. நீங்களே வெச்சுக்குங்க."

"பசங்க செத்துப்போவாங்கடி."

"பசங்க மேல எனக்கு என்ன கோபம்? வந்த அன்னிக்கே அவங்களை நான் மன்னிச்சாச்சு. அவங்களை எழுப்ப என் வாய் போதல, ஏன்னு யோசிச்சீங்களா?" அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பிள்ளை, என் பிள்ளைன்னு ரோட்டுல நின்னு கத்துனீங்க. நம்ம பிள்ளைன்னு ஒரு நாள் கத்தியிருப்பீங்களா? பொம்பளைங்க அங்கெல்லாம் வரக் கூடாதுன்னு என்னை இந்த வாசப்படியில நிறுத்திட்டு அவளைத் தூக்கிட்டுப் போனீங்க. எங்க வெச்சீங்க, எப்படி வெச்சீங்கன்னு ஒரு வார்த்தை வந்து சொன்னீங்களா? சிமென்ட் ஊத்தினது அவங்க மூணு பேர்தானா?"

முனிரத்தினம் பல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். அவர் வெளியே வந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையின் கடைசியில், குழவிக்கல்லை மடியில் வைத்திருந்த சின்னப் பையனுக்குப் பக்கத்தில், மெல்ல மெல்ல முட்டியை மடக்கிப் புல்லில் உட்கார்ந்தார். வயசான முட்டி, இரண்டு தரம் கையை ஊன்ற வேண்டியிருந்தது. தம்புவாவை ஏந்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து அங்கம்மாவின் பாதங்கள் அவர் பார்வைக்குள் வந்து நின்றன.

"மண்ணை எதால தள்ளுனீங்க?" என்று கேட்டாள்.

"கையால."

"மம்முட்டி எடுத்துட்டுப் போனீங்களே?"

"தோண்டினது அதால. மூடுறப்ப மனசு வரல. கையாலதான் தள்ளினேன்."

"மூஞ்சியில மண்ணு விழுந்துச்சா?"

"இல்ல. என் துண்டை மேல போத்திட்டுத்தான்..."

"அன்னிக்குத் துண்டு இல்லாம வந்தீங்க. ஆத்துல போயிடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் யோசித்தார். "சொன்னா நீ அழுவே. நீ அழுதா நானும் அழணும்," என்றார்.

அங்கம்மா குனிந்தாள். அவர் கையிலிருந்து கனம் போனது. பக்கத்தில் குழவிக்கல் உருண்டு புல்லில் விழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொரு கல், இன்னொன்று, முட்டிகள் சொடுக்கிட்டன, பன்னிரண்டு ஜோடிக் கால்கள் ஈரப் புல்லை மிதித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தன, தாய்மார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரும் நிற்கவில்லை. அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று அவர் பார்க்கவில்லை. சொல் வரும்வரை தலை நிமிரக் கூடாது. கடைசி ஆட்டத்திலும் தோற்றுத்தான் போனார்கள், ஆனால் பாதிக்குமேல் தரையில் கால் பதிகிற சத்தம் போனிலேயே கேட்டது, உடம்பும் உடம்பும் மோதுகிற சத்தம் கேட்டது, இரண்டு கோல் திருப்பிக் கொடுத்தார்கள், ஒன்று கிருஷ்னீல் போட்டது என்று ரெட்டி பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. யாரோ தார்ப்பாயை அவிழ்த்தார்கள், அவர் தலைமேல் வெயில் விழுந்தது. அப்பிசாய் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். எழுந்திருங்கள் என்று அங்கம்மா சொல்லவில்லை. பல்லை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போயிருந்தாள்.

முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். சமையல்கட்டில் அரிசிப் பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. படியால் அரிசி அளந்து போடுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், களைகிற சத்தம். அளந்தது ஒருவருக்கா இரண்டு பேருக்கா என்று, குனிந்த தலையைச் சற்றே சாய்த்து, அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.